கத்திரிப் பூவை உலுக்குற வண்டும், காலையில நாம அடிக்கிற மருந்தும்

ரெண்டு வாரமா எதுவும் எழுதல. கத்திரி பறிப்பு நடக்குது. நாலு நாளைக்கு ஒரு தடவை பறிச்சே ஆகணும், விட்டா முத்திப் போயிடும். இன்னைக்குக் காலையிலேருந்து தூறல், கொல்லியில கால் வைக்க முடியல. அதான் உக்காந்துட்டேன்.

எங்க கொல்லி கடம்பத்தூர் ரயில் பாதைக்குக் கிட்ட இருக்கு. எக்ஸ்பிரஸ் வண்டி வேகமா அரக்கோணம் பக்கம் போச்சுன்னா மோட்டார் கொட்டகைத் தகரம் கடகடன்னு ஆடும். தொட்டித் தண்ணி நடுங்கும். சின்ன வயசுலேருந்து அதிர்வுன்னா எனக்கு அதுதான். இன்னொரு அதிர்வு இருக்கு, பூவுக்குப் பக்கத்துல காதை வெச்சாத்தான் கேக்கும், என் கத்திரி காய்க்கிறதே பெரும்பாலும் அதை நம்பித்தான்னு ஐம்பது வயசு தாண்டித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதைப் பத்தித்தான் இன்னைக்கு. விவசாயிங்க கிட்டயும் சொல்ல வேண்டியது இருக்கு, சிட்டியில காய் வாங்குற உங்க கிட்டயும் சொல்ல வேண்டியது இருக்கு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஏக்கர்ல கத்திரி வெச்சேன். செடி நல்லா வந்துது. பூவும் ஊதாக் கலர்ல கொத்துக் கொத்தா இருந்துது. ஆனா காய் பிடிக்கல. காலையில போய்ப் பாத்தா செடிக்கு அடியில பூ உதிர்ந்து கிடக்கும். கத்திரியில எல்லாப் பூவும் காயாகாது, அது எனக்கும் தெரியும். பூவுக்கு நடுவுல இருக்கிற சூல்தண்டு நீளமா இருந்தாத்தான் காயாகும், குட்டையா இருந்தா உதிரும். வெயில் அதிகமானாலும் உதிரும். ஆனா அந்த வருஷம் நீளத் தண்டு இருந்த பூவும் சேர்ந்து கொட்டுச்சு.

மருந்துக் கடையில போய்ச் சொன்னேன். பூ உதிராம இருக்க ஒரு டானிக் குடுத்தாங்க. அடிச்சேன். அடுத்த வாரம் இன்னொண்ணு குடுத்தாங்க. அதையும் அடிச்சேன். காசு போனதுதான் மிச்சம்.

எங்க அண்ணன் மக ஸ்கூல் டீச்சர், அறிவியல் எடுக்குது. ஒரு சனிக்கிழமை வந்தப்போ கொல்லிக்கு வந்துது. அரை மணி நேரம் செடிங்களுக்கு நடுவுல நின்னுட்டு, "சித்தப்பா, உங்க கத்திரியில ஒரு வண்டு கூட இல்லையே?"ன்னு கேட்டுது. "வண்டு இல்லாம இருக்கத்தானேம்மா மருந்து அடிக்கிறேன்"னு சொன்னேன். சிரிச்சுது. அடுத்த வாரம் வரும்போது ஸ்கூல் லேப்லேருந்து ஒரு இசைக்கவையக் கேட்டு வாங்கிட்டு வந்துது.

இசைக்கவை ஞாபகம் இருக்கா உங்களுக்கு? ரெண்டு காலும் மேல நீட்டிக்கிட்டு இருக்கிற இரும்புக் கவை. எங்க வாத்தியார் அதை ரப்பர்ல தட்டி டம்ளர் தண்ணியில வைப்பாரு, தண்ணி சுத்தி எல்லார் மேலயும் தெறிக்கும். இது கொண்டு வந்ததுல 512-ன்னு பொறிச்சிருந்துது. ஒரு வினாடிக்கு 512 தடவை அதிரும்னு அர்த்தம். காலையில பத்து மணி இருக்கும். ஒரு பூவுக்கு அடியில கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுச்சு. முதல்ல செடியைக் கையால ஆட்டுச்சு. பூ ஆடுச்சு, துணியில பெருசா ஒண்ணும் விழல. அப்புறம் இசைக்கவையத் தட்டி, பூவுக்கு நடுவுல இருக்கிற மஞ்சள் மேல லேசா வெச்சுது. மஞ்சத்தூள் மாதிரி பொலபொலன்னு துணியில விழுந்துது.

முப்பது வருஷமா கத்திரி வெக்கிறேன். அந்தத் தூளை அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்.

விஷயம் இதுதான். பூசணிப் பூவுலயும் செம்பருத்தியிலயும் மகரந்தம் வெளியிலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், தொட்டா கையில வரும். கத்திரிப் பூவுல அப்படி இல்ல. நடுவுல மஞ்சக் குழாய் மாதிரி நிக்குதே, அதுதான் மகரந்தப் பை. அது பக்கவாட்டுல பிளக்காது. நுனியில மட்டும் சின்ன ஓட்டை. தூள் எல்லாம் உள்ள. நம்ம வீட்டுப் பவுடர் டப்பாவை நினைச்சுக்குங்க. தலைகீழா பிடிச்சா மட்டும் பவுடர் கொட்டாது, உலுக்கணும். கத்திரிப் பூ ஏற்கெனவே தலை கவுந்துதான் இருக்கு. உலுக்க ஆள் வேணும்.

வண்டுதான் அந்த ஆள். பொம்பள வண்டு வந்து அந்த மஞ்சக் குழாயை வாயால கவ்விக்கிட்டு உடம்பை அதைச் சுத்தி வளைச்சுக்கும். பறக்கிறதுக்கு நெஞ்சுல இருக்கிற சதையை வேகமா இழுத்து விடும். ஆனா ரெக்கை அடிக்காது, அதை மடக்கியே வெச்சிருக்கும். வண்டி நியூட்ரல்ல நிக்கும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினா என்ன ஆகும்? வண்டி நகராது, உடம்பு பூரா அதிரும். அதே கதைதான். பறக்கும்போது கேக்கிற ரீங்காரத்தைவிட இது கொஞ்சம் கீச்சுன்னு கேக்கும். "ஜீங், ஜீங்"னு விட்டு விட்டு. ஒரு வினாடிக்குச் சில நூறு தடவை அதிருதுன்னு அளந்திருக்காங்க.

உள்ள நடக்கிறதை 1978-ல புக்மன், ஹர்லின்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிங்க கணக்காப் போட்டுக் காட்டியிருக்காங்களாம், மக படிச்சுச் சொல்லுச்சு. குழாய் அதிரும்போது அதோட சுவர் மகரந்தத் தூள்ல மோதுது. தூள் எகிறி எதிர்ச் சுவர்ல மோதுது. கேரம் போர்டுல காய் கட்டையில பட்டுத் திரும்புற மாதிரி. ஒவ்வொரு மோதலுக்கும் வேகம் கூடுது. கடைசியில நுனியில இருக்கிற ஓட்டை வழியா வெளிய பாயுது, வண்டோட வயித்து ரோமத்துல போய் ஒட்டுது. அதுல கொஞ்சம் சூல்தண்டு நுனியில படும். காய் பிடிக்கும். காத்து அடிச்சாலும் கொஞ்சம் உதிரும், கத்திரி தன் மகரந்தத்துலயே காய்க்கவும் செய்யும். ஆனா வண்டு வந்து உலுக்கினா காய் பிடிப்பு கூடுது.

இப்படி ஓட்டை வெச்ச பூச்செடி உலகத்துல சுமார் 20,000 வகை இருக்குன்னு சொல்றாங்க. நமக்குத் தெரிஞ்சதே எவ்வளவு! தக்காளியும் உள்ளுக்குள்ள இதே கதைதான். சுண்டைக்காய், மணத்தக்காளி, தூதுவளை, உருளைக்கிழங்கு எல்லாம் அதே குடும்பம். கரம்பு நிலத்துல மஞ்சளா பூக்குதே ஆவாரை, அது வேற குடும்பம், ஆனா அதுக்கும் உலுக்கத்தான் வேணும். மிளகாய் கத்திரிக்குச் சொந்தக்காரன்தான், ஆனா அதோட மகரந்தப் பை நீளவாக்குல பிளந்துக்கும், உலுக்க வேண்டிய அவசியம் இல்ல.

இங்க ஒரு தப்பு எண்ணத்தையும் சொல்லிடறேன். "தேனீப் பெட்டி வாங்கி வையுங்க, எல்லாம் சரியாயிடும்"னு எனக்கும் சொன்னாங்க. தேனீ நல்லதுதான். முருங்கைக்கு, எள்ளுக்கு, பூசணிக்கு வரட்டும். ஆனா பெட்டியில வளர்க்கிற தேனீக்கு இப்படிப் பூவைக் கவ்வி உலுக்கத் தெரியாது. எங்க பக்கம் அந்த வேலையைச் செய்யறது பெரிய கருவண்டும், வயித்துல நீலப் பட்டை போட்ட சின்னத் தேனீயும், இன்னும் சில குட்டித் தேனீங்களும்தான். இதுங்க கூடு கட்டித் தேன் சேக்கிற ஜாதி இல்ல. தனித்தனியா வாழும். கருவண்டு காஞ்ச மரத்துலயும் மூங்கில்லயும் ஓட்டை போட்டு முட்டை வைக்கும். நீலப்பட்டை மண்ணுல, மண் சுவத்துல பொந்து போடும். சாயங்காலம் நீலப்பட்டையில ஆம்பளைங்க மட்டும் ஒரு காஞ்ச குச்சியை வாயால கடிச்சிக்கிட்டு வரிசையாத் தொங்கித் தூங்கும். பாத்தா சிரிப்பு வரும், கையெழுத்து போட நிக்கிற வேலைக்காரங்க மாதிரி.

இப்ப என் தப்புக்கு வர்றேன். நான் மருந்து அடிச்சது எப்பவும் காலையில ஏழு, ஏழரைக்கு. ஏன்னா அப்பத்தான் காத்து இருக்காது, ஆளும் அப்பத்தான் கிடைக்கும். கத்திரிப் பூ விரியறதும் அந்த நேரம்தான். வண்டு வர்றதும் அப்பத்திலேருந்து வெயில் ஏறுற வரைக்கும்தான். புழுவைக் கொல்ல அடிச்ச மருந்தை வாரா வாரம் நேரா வண்டு தலையிலயே அடிச்சிருக்கேன். இத்தனைக்கும் புழு எங்க இருக்கு? காய்க்குள்ள, தண்டுக்குள்ள பத்திரமா இருக்கு. வெளிய வெட்ட வெளியில வேலை செஞ்சது வண்டு. அது செத்துது. அதுக்கப்புறம் பூ உதிருதுன்னு டானிக் வாங்கப் போனேன். ஒரே கடையில ரெண்டு பில்லு.

அந்த வண்டுக்கு வீடும் நாமதான் இல்லாம பண்ணோம். எங்க ஆயா வீடு மண் சுவரு. சுவரு பூரா ஓட்டை இருக்கும், குட்டித் தேனீ போயிட்டு வந்துக்கிட்டு இருக்கும். ஆயா சாணி பூசும்போது அந்தப் பக்கத்தை விட்டுட்டுப் பூசும். காரணம் எல்லாம் சொன்னதில்ல. இப்ப எல்லாம் சிமெண்ட். வரப்பை ஜேசிபி விட்டு வழிச்சு நேராக்கிட்டோம். வேலியில இருந்த தூதுவளை, கரையில இருந்த ஆவாரை எல்லாம் போச்சு. கத்திரி இல்லாத மாசத்துல வண்டு எதைச் சாப்பிடும்னு நாம யோசிக்கல. காஞ்ச பனையும் மூங்கிலும் இருந்தா அடுப்புக்குப் போயிடும்.

சரி, இப்ப என்ன பண்றேன்? மருந்து அடிச்சே ஆகணும்னா சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அடிக்கிறேன். வாடின குருத்தைக் கண்டதும் கிள்ளி எடுத்து எரிச்சிடறேன், புழு அதுக்குள்ளதான் இருக்கும். இனக்கவர்ச்சிப் பொறி கட்டியிருக்கேன், ஆம்பள அந்துப்பூச்சி அதுல விழுது. எத்தனை விழுதுன்னு பாத்துட்டுத்தான் மருந்தைப் பத்தி யோசிக்கிறேன். முன்னாடி கிழமை பாத்து அடிச்சது, இப்ப பூச்சி பாத்து அடிக்கிறது. மோட்டார் கொட்டகைக்குப் பின்னாடி காஞ்ச முருங்கைக் கட்டையையும் நாலு மூங்கிலையும் அப்படியே போட்டு வெச்சிருக்கேன். வடக்கு வரப்பை ஒரு பக்கம் வழிக்காம விட்டிருக்கேன்.

இப்ப கருவண்டு வருது. காய் பிடிப்பும் கூடியிருக்கு. அதுக்கு முழுக்க வண்டுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், வெயிலும் இந்தத் தடவை கொஞ்சம் தேவலாம். ஆனா டானிக் வாங்கிறதை நிறுத்திட்டேன், அது உறுதி. சாயங்காலம் அடிச்சாலும் ஆபத்து முழுசாப் போயிடாது. செடிக்குள்ள ஊடுருவுற மருந்து பூவுக்கும் போகும், மகரந்தத்துக்கும் போகும். குறையுமே தவிர ஒழியாது. அதையும் மறைக்கக் கூடாது.

பக்கத்துக் கொல்லிக்காரர் எனக்கு மச்சான் முறை. அவர் கேட்டாரு, "இன்னா மச்சான், வண்டைப் பாத்துக்கினு விவசாயம் பண்ணா கடனை யாரு கட்றது?" அவர் கேக்கிறதுல நியாயம் இருக்கு. சாயங்காலம் மருந்து அடிக்க ஆள் எங்க? எங்க ஊர்ப் பசங்க விடியறதுக்குள்ள கம்பெனி பஸ் ஏறிடறாங்க, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு போறாங்க. கும்மிடிப்பூண்டிப் பக்கமும் இதே கதைதான். கொல்லி வேலைக்கு வர்ற வயசானவங்களும் மதியத்தோட போயிடுவாங்க. சாயங்காலம்னா தனிக் கூலி குடுக்கணும், இல்ல டேங்கை நானே முதுகுல மாட்டணும். நான் மாட்டிக்கிறேன். எனக்கு ஒரு ஏக்கர், முடியுது. மூணு ஏக்கர் வெச்சிருக்கிறவருக்கு முடியாது. அவர்கிட்ட போய் "வண்டைக் காப்பாத்து"ன்னு வேதம் ஓதினா வேலைக்கு ஆகாது. மருந்து சிபாரிசு பண்றவங்க எத்தனை மில்லின்னு சொல்ற மாதிரி எத்தனை மணிக்குன்னும் அழுத்திச் சொல்லணும். அதுக்குக் காசே செலவு இல்ல. எனக்கு மருந்து குடுத்தவங்கள்ல ஒருத்தரும் இத்தனை வருஷத்துல நேரத்தைச் சொன்னதில்ல.

வெளிநாட்டுல இந்த உலுக்கலுக்கு என்ன விலைன்னு தெரியுமா? ஐரோப்பாவுல தக்காளியைக் கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள வளர்க்கிறாங்க. உள்ள காத்தும் இல்ல, வண்டும் இல்ல. அதனால ஆளுங்க அதிர்ற கம்பியை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு பூங்கொத்தா தொட்டுக்கிட்டே போவாங்களாம். 1985-ல பெல்ஜியம் நாட்டுல ரோலண்ட் டி யோங்கேன்னு ஒரு மாட்டு டாக்டர், ரோமம் அடர்ந்த ஒரு குண்டுத் தேனீயை உள்ள விட்டா வேலை நல்லா நடக்குதுன்னு கண்டுபிடிச்சாரு. 1987-ல அதுக்குன்னு கம்பெனியே ஆரம்பிச்சாரு. இப்ப அந்தத் தேனீயைப் பெட்டியில வெச்சு விக்கிறாங்க. அது பூவைக் கடிச்ச இடத்துல பழுப்புக் கறை விழும், அதைப் பாத்துத்தான் தேனீ வேலை செய்யுதான்னு கணக்கு எடுக்கிறாங்க. ஆஸ்திரேலியாவுல அந்த வெளியூர்த் தேனீயை உள்ள விட மாட்டேன்னு சட்டம், அதனால ஆளுங்கதான் கையால அதிர வைக்கிறாங்க. நம்ம ஊர்ல குண்டுத் தேனீ ஜாதியே கிடையாது, நம்ம நாட்டுல அந்த ஜாதி இமயமலைப் பக்கம்தான். ஆனா நமக்கு இங்கயே கருவண்டு இருக்கு. அவங்க பெட்டி போட்டு விலைக்கு வாங்கிறதை நாம கூலி குடுத்துக் கொல்றோம்.

கடைசியா உங்களுக்கு. 2010-ல பி.டி. கத்திரிக்காய்க்குப் பெரிய சண்டை நடந்துது, ஞாபகம் இருக்கும். அந்த விதை வந்ததே இந்தத் தண்டு, காய் துளைக்கிற புழுவுக்காகத்தான். அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்ல மக்கள்கிட்ட கருத்துக் கேட்டுட்டு அந்த வருஷம் பிப்ரவரியில நிறுத்தி வெச்சாரு. சிட்டியில இருக்கிறவங்க நிறைய பேர் அப்ப எதிர்த்துப் பேசினீங்க. விதை வேண்டாம்னு முடிவாச்சு, சரி. ஆனா புழு அப்படியேதான் இருக்கு. அதுக்கு நாங்க அடிக்கிற மருந்தைப் பத்தி அப்புறம் யாரும் எங்களைக் கேக்கல.

ஏன் அவ்வளவு அடிக்கிறோம்? கோயம்பேட்டுல மூட்டையைப் பிரிச்சதும் ரெண்டு சொத்தை கண்ணுல பட்டா மொத்த மூட்டைக்கும் விலையை இறக்கிடுவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, நீங்க வாங்க மாட்டேங்கறீங்க. கடையில ஒவ்வொரு காயா உருட்டிப் பாத்து, ஊசி ஓட்டை இருந்தா திரும்பப் போட்டுடறீங்க. பளபளன்னு ஓட்டையே இல்லாத கத்திரிக்காய் உங்க கூடைக்கு வரணும்னா அதுக்கு எத்தனை தடவை மருந்து விழுந்திருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிங்க. சொத்தையை அப்படியே தின்னுங்கன்னு சொல்லல. எங்க வீட்டுல பண்ற மாதிரி அந்தப் பக்கத்தை வெட்டித் தள்ளிட்டு மிச்சத்தைக் குழம்புல போடுங்க. கிலோவுக்கு ஒரு காய் அப்படி இருந்தா கடைக்காரர்கிட்ட சண்டை போடாதீங்க. நீங்க அந்த ஒரு காயைப் பொறுத்துக்கிட்டா, இங்க எனக்கும் என் மச்சானுக்கும் ஒரு டேங்கு மருந்து மிச்சம்.

மாடியில தொட்டி வெச்சுக் கத்திரி, தக்காளி வளர்க்கிறவங்களும் படிக்கிறீங்க, மெயில் போடறீங்க. பூ உதிருதுன்னு கேக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். காலையில ஒன்பது, பத்து மணிக்கு, பூவுக்குப் பின்னாடி காம்புல பேட்டரி டூத்பிரஷ்ஷை ஓட விட்டு ரெண்டு வினாடி லேசா வெச்சுப் பாருங்க. அடியில ஒரு கறுப்புக் காகிதம் பிடிங்க. மஞ்சத் தூள் விழுந்தா உங்களுக்கும் நான் அன்னைக்குப் பாத்தது தெரியும். ஆவாரையோ தூதுவளையோ ஒரு தொட்டியில வெச்சிருந்தா, டூத்பிரஷ் இல்லாமலே கூட ஆள் வரலாம்.

தூறல் விட்டுடுச்சு. நாளைக்குப் பறிப்பு இருக்கு, சாக்கு எடுத்து வைக்கணும். சாயங்காலம் மருந்து அடிக்கலாம்னு இருந்தேன், பொறியில இந்த வாரம் அந்து குறைவாத்தான் விழுந்திருக்கு. விட்டுட்டேன்.